டிவிக்குக் கட்டிய காப்பு

என் மகளின் போன் வாரத்துக்கு ஒருமுறை அவளிடம் கணக்கு ஒப்பிக்கிறது. இந்த வாரம் இத்தனை மணி நேரம் என்னைப் பார்த்தாய், போன வாரத்தைவிட இவ்வளவு அதிகம் என்கிறது. அவள் "ஐயோ" என்கிறாள். ஐயோ என்ற கையோடு அதைப் படம் பிடித்து அதே போனில் தோழிகளுக்கு அனுப்புகிறாள். அவர்களும் ஐயோ என்று பதில் போடுகிறார்கள். அப்படியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. தன்னைத் தானே கண்காணிக்கிற இந்த வேலையை எண்பதுகளிலேயே செய்து பார்த்தவள் நான். அப்போது அதற்கென்று கருவி ஏதும் வரவில்லை. தெரு இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் ஊர். ஊரின் நடுத்தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது. மற்றது என் மாமாவுடையது, அதாவது என் அம்மாவின் அண்ணனுடையது. என் அம்மாவைப் பிறந்த வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று அம்மா அழுதுகொண்டே தெருவைக் கடந்தாளாம். வெளியூரில் பெண் கொடுப்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அதற்கு அடுத்தபடி என்ன திட்டம் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மாமாவுக்கு ஒரே மகன். எங்கள் வீட்டில் நான் ஒரே மகள்.

பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் மாமா டிவி வாங்கினார். சேலத்திலிருந்து டெம்போவில் வைக்கோல் சுற்றி வந்தது. மரப்பெட்டிக்குள் இருக்கும். முன்னால் இழுத்து மூடுகிற கதவு, அதற்குப் பூட்டு. சாமி அலமாரிக்கு எங்கள் தெருவில் யாரும் பூட்டுப் போட்டதில்லை. டிவிக்குப் பூட்டு இருந்ததால் அதன்மேல் எல்லாருக்கும் தனி மரியாதை வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது மெட்ராஸ் தெரியாது. பெங்களூர்தான் தெரியும், அதுவும் மனசு வைத்தால். மாமா மகன் ஓட்டின்மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். நான் வாசலில் நின்று "வருது, வருது, போயிடுச்சு" என்று கத்துவேன். அவர் படத்தைப் பார்த்ததைவிட மேகத்தைப் பார்த்ததுதான் அதிகம். எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சுவார்த்தை மொத்தமும் அதுதான். பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது, என்னைவிட மூத்தவர். மாமா என்று கூப்பிட்டால் அதற்கு வேறு பொருள் ஆகிவிடும். அதனால் "இந்தாங்க, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்பேன். அவரும் அந்தப் பக்கம் திருப்புவார்.

டிவி பேசியது கன்னடம். எங்களில் கன்னடம் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். மாமா அவரை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார், எங்கள் குடும்பம் தூரமாகப் போனது அந்த ஒரு தடவைதான். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். "இவன் அவளுக்கு அண்ணன் ஆவோணும். சொத்தக் குடுக்க மாட்டேங்கறான்." எல்லா நாடகத்திலும் யாரோ ஒருவர் சொத்தைக் கொடுக்கமாட்டேன் என்றார்கள். இந்தி வரும்போதும் அத்தை நிறுத்தமாட்டார். இந்தி அவருக்குத் தெரியாது, ஆனாலும் அங்கேயும் சொத்தைக் கொடுக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். நாடகம், செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் படம் மட்டுமல்ல. தென்னைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்தால் என்ன மருந்து அடிப்பது என்று கன்னடத்தில் ஒருவர் சொல்வார், அதையும் பார்த்தேன். எங்களுக்குத் தென்னையே கிடையாது. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஓர் அட்டை வரும், அதையும் பார்த்தேன். அட்டை போய்ப் படம் வரும்போது சின்ன ஏமாற்றம்கூட வரும். கல்லூரி விட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கினால் பையை எங்கள் வீட்டுக்குள் எறிந்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். முகம் கழுவுவதெல்லாம் அங்கேதான்.

பி.எஸ்ஸி. கணக்கு. முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் வருஷம், அதாவது டிவி வந்த வருஷம், இரண்டு பேப்பரில் ஃபெயிலாகிவிட்டேன். மெக்கானிக்ஸில் போனதற்குக் காரணம் சொல்லலாம், கல்லூரியில் பாதிப் பேர் போனார்கள். இன்னொன்றில் போனதற்கு என்னைத் தவிரக் காரணம் இல்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தலைக்குள் சோப்பு விளம்பரப் பாட்டு ஓடியது. பாட்டு முடிந்தால் தேற்றம் வரும் என்று காத்திருந்தேன். பாட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது.

அப்பா கோபக்காரர் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

"ஐப்பசில மறுபடி எழுதறதுதான? எழுது. அதுலயும் போச்சுன்னா நான் கல்யாணப் பேச்சு எடுத்துடுவேன். அதுக்கப்புறம் என்ன கொற சொல்லக்கூடாது."

நான் டீச்சராக வேண்டும் என்று நினைத்திருந்தேன். பி.எட். படித்து, ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்று, முக்கோணத்தை ஸ்கேல் வைக்காமல் நேராகப் போட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. மாமா மகன்மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகையில் பாடுபடுகிற நல்ல மனுஷன். ஆனால் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போய், அங்கிருந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க இருப்பதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டியது. அம்மா அதைச் சந்தோஷமாகச் செய்தாள். எனக்கு முடியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அரியரை எழுதிவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று நினைத்தேன்.

ஆக, டிவியைக் குறைக்க வேண்டும். முதலில் ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். ஒரு நிகழ்ச்சி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கன்னடத்தில் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் அபராதம் போட்டுக்கொண்டேன். ஒரு நிகழ்ச்சி பார்த்தால் அடிபைப்பில் ஒரு குடம் தண்ணீர் அடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கை வலித்தால் கண் அடங்கும் என்பது என் கணக்கு. கண் அடங்கவில்லை. தொட்டி நிறைந்தது, அண்டா நிறைந்தது, மாட்டுத் தொட்டியும் நிறைந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் நான் புத்தகத்தை எடுத்தால், "ஏம்புள்ள, இன்னிக்கி எதுத்த வூட்டுல ஒண்ணும் போடலியா?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

இது சரிப்படாது என்று தெரிந்தது. என்னை நானே நம்பமுடியாது, ஆகவே மாரியம்மனை இழுத்தேன்.

எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சளில் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கையில் முடிந்துகொண்டால், பண்டிகை முடிகிறவரை கவிச்சி கிடையாது, வெளியூர்ப் பயணம் கிடையாது. பொய் சொல்கிறவர்கள்கூட அந்த நாட்களில் சற்றுக் குறைத்துச் சொல்வார்கள். சாராயக் கடைக்குப் போகிறவர்கள் கடை இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கெட்டியான நூல். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று, நானே எனக்கு ஒரு காப்புக் கட்டிக்கொண்டேன். அரியர் எழுதி முடிக்கிறவரை டிவியைக் கண்ணால் பார்ப்பதில்லை. பண்டிகை இல்லாத மாசத்தில், டிவிக்காகக் காப்புக் கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னாடி இது கையில?"

"ஒரு வேண்டுதல்மா."

"என்னா வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது."

டிவி பார்க்காமல் இருக்க என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாரியம்மனுக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாண வயதில் இருக்கிற ஒரு பெண் வெளியே சொல்லமுடியாத வேண்டுதல் ஒன்றை வைத்துக் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால், ஊரில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அது எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. கணக்குப் படித்தவர்களுக்குச் சில எளிய கூட்டல்கள் வராது.

பார்ப்பதில்லை என்றுதான் காப்பு. கேட்பதைப் பற்றி நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. இது முதல் நாள் சாயங்காலமே பிரச்சினையாகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து சத்தம் தெளிவாக வந்தது. நான் எங்கள் வீட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு நாடகம் முழுவதையும் காதால் கேட்டேன். யார் யாருக்குச் சொத்துக் கொடுக்கவில்லை என்றுகூடப் புரிந்தது. அடுத்த நாள் காதில் பஞ்சு வைத்தேன். பஞ்சு வைத்தால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது, அதில் மனசு போயிற்று. கடைசியில் சாயங்காலமானால் கிணற்று மேட்டில் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் புத்தகத்தோடு போக ஆரம்பித்தேன்.

அங்கே வேறொரு தொந்தரவு. டிவி இல்லை. ஆனால் டிவி பார்க்காமல் இருக்கிற என்னை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது நினைக்கிறேனா, இப்போது நினைக்கவில்லையா, நினைக்கவில்லை என்று நினைப்பது நினைப்பதில் சேருமா. இப்படியே இருட்டிவிடும். கொஞ்ச நாள் ஆன பிறகு எப்படியோ அது தேய்ந்து, ஒருநாள் மெக்கானிக்ஸில் ஒரு கணக்கு முழுசாகப் போட்டு முடித்திருந்தேன். தலையை நிமிர்த்தினால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்போது போட்டார்கள் என்றே தெரியவில்லை. டீச்சராகிவிடுவேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் நம்பினேன்.

மோட்டார் ரூமுக்குப் போகவும் வரவும் மாமா வீட்டைத் தாண்ட வேண்டும். வாசலிலிருந்து பார்த்தால் நேரே டிவி தெரியும். அதனால் அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்து, தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வேகமாக நடப்பேன். ஒரு நாள் மாமா மகன் வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் திரை மின்னியது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். டிவி பார்ப்பதில் அவருக்கு என்ன கூச்சம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அப்புறம் எதிர்வீட்டிலிருந்து தின்பண்டம் வர ஆரம்பித்தது. ஒருநாள் கொழுக்கட்டை, ஒருநாள் கடலை உருண்டை. முழம் முழமாகக் கனகாம்பரம். அத்தையே எடுத்துக்கொண்டு வருவார், என் கையில் இருக்கிற காப்பைப் பார்ப்பார், கண் கலங்குவார்.

"ஏங்கண்ணு, உனக்குக் கொழம்புல காரம் தூக்கலா இருக்கோணுமா, கொறைவா இருக்கோணுமா?"

"எப்படி இருந்தாலும் சாப்புடுவேங்க அத்தை."

அந்தப் பதிலைக் கேட்டு அவர் என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். மாமா தன் பங்குக்கு டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். புள்ள படிக்குதில்ல என்று சொன்னாராம். நான் மனசுக்குள் நெகிழ்ந்துபோனேன். படிப்பின் அருமை தெரிந்த மனிதர்கள், இத்தனை நாள் நாம்தான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன். டிவியை விட்ட பிறகு உலகமே நல்லதாக மாறிவிட்டது என்றுகூடத் தோன்றியது. தெருவில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

பரீட்சைக்குச் சில வாரம் இருந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வர்ற வியாழக்கெழம நல்ல நாளு. அண்ணன் வூட்டுல வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்கப்பாவும் சரின்னுட்டாரு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "யாருக்கு?" என்றேன்.

"எனக்கா, உங்கப்பனுக்கா? உனக்குத்தான்."

"பரீட்ச எழுதற வரைக்கும் பேச்சே எடுக்கறதில்லன்னு அப்பா சொன்னாருல்ல?"

"நாங்க எங்கடி எடுத்தோம்? நீதான எடுத்த. வாய்விட்டுச் சொன்னாத்தானா? அந்த வூட்டுக்குள்ள பொழுதன்னிக்கும் காலை நீட்டிக்கிட்டுக் கெடந்த புள்ள திடீர்னு வாசப்படி மிதிக்கல. அந்தப் பக்கம் போனா தலைய நிமித்தறதில்ல. அவன் நின்னா மொகத்தத் திருப்பிக்கற. கையில காப்பு வேற. எனக்கு என்ன, கண்ணு தெரியாதா? நானும் இதே தெருவுலதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். முறைப்பையன் வீட்டில் சின்ன வயசிலிருந்து உருண்டு புரண்ட பெண், பேச்சு முடிவானதும் அந்தப் படியை மிதிக்கமாட்டாள். கல்யாணத்தன்று வலது காலை வைத்துப் போகிறவரை அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டாள். முடிவாகாமலே ஒருத்தி படி மிதிப்பதை நிறுத்தினால், அவள் தானாகவே முடிவுக்கு வந்துவிட்டாள் என்று ஆகிறது. எனக்கும் இது தெரியும். எத்தனையோ பெண்களை அப்படிப் பார்த்துக் கேலி பண்ணியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்கு என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தெருவே அதைப் பிள்ளையார் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இது டிவிக்குக் கட்டுன காப்பு."

அம்மா முறத்தை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படிச் சந்தோஷமாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நானெல்லாம் இந்த மாதிரி ஒரு சாக்கு யோசிக்கல. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

அப்பாவிடம் போனேன். எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். அவரும் சிரித்தார். "எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல இப்படித்தான் சொல்லும்" என்றார். நான் கோபப்பட்டேன், அதையும் வெட்கம் என்றார்கள். அழுதேன், அதற்கு அம்மாவும் சேர்ந்து அழுதாள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் தனக்குத் தெரியும் என்று. எதிரே இருக்கிற வீட்டுக்குப் போவதற்கு! அரியர் என்ன ஆவது என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஆறுதலாக ஒன்றும் சொன்னார்.

"அதுக்கென்னம்மா, அந்த வூட்டுல டிவி இருக்குது. உன் இஷ்டத்துக்குப் பாத்துக்க."

அந்த நாட்களில் நான் யாரையும் பார்க்காமல் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். அதுவும் நல்ல அறிகுறி என்று சேர்ந்துவிட்டது. என் வாயில் வருகிற எந்த வார்த்தைக்கும் ஊரில் செலாவணி இல்லை என்று தெளிவாகிவிட்டது. நான் என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. நான் எங்கே போகிறேன், எங்கே போகவில்லை என்றுதான் பார்க்கிறார்கள். அப்படியானால் போக வேண்டியதுதான்.

ஐப்பசியில் எழுதின இரண்டு பேப்பரிலும் நான் பாஸ். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கணக்கு டீச்சர்களுக்கு விடையை ஒளித்துவைக்க வராது.

புதன்கிழமை சாயங்காலம் காப்பை அவிழ்த்தேன். அறுத்தால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று பல்லால் கடித்து முடிச்சைத் தளர்த்தி, கிணற்றோரம் இருந்த வேப்பங்கிளையில் கட்டினேன். பரீட்சைக்கு முன்பே அவிழ்ப்பதற்கு மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் விவரமாகச் சொன்னேன். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டது அந்த வாரத்தில் அம்மன் ஒருத்திதான்.

பிறகு நேரே தெருவைக் கடந்து மாமா வீட்டுக்குள் போனேன். விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியில் இருந்தார். அத்தை மறுநாளைக்கு வெற்றிலையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் டிவிக்கு நேர் எதிரே, நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. திரையில் ஒருவர் எலுமிச்சங்கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

அத்தையின் கை தட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது. முதலில் என் காலைப் பார்த்தார். அப்புறம் காப்பு இல்லாத கையைப் பார்த்தார். எனக்குப் பின்னாலேயே ஓடிவந்த அம்மா வாசலில் நின்று, "எந்திரிடி, எந்திரிடி" என்று மெல்லிய குரலில் கெஞ்சினாள். நான் குழி வெட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று அன்றைக்கு அத்தை மொழிபெயர்க்கவில்லை.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு இஷ்டமில்லையா?"

"இல்லைங்க மாமா."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரும் என்னக் கேக்கலைங்களே மாமா."

அவர் முகம் சுருங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார், ஒரு கேள்விக்குத் தனக்கு விடை தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறவர் ஆட்டுகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்போது பின்வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "என்னையுந்தான் யாரும் கேக்கல."

மாமா மகன். கொட்டகையிலிருந்து வந்தவர், கையில் மல்பெரி இலைக் கூடையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. எனக்கு உயிர் வந்தது. இந்த மனுஷனும் என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்தான், இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். தலையைக் குனியாமல், முகத்தைத் திருப்பாமல், அவரை நேருக்கு நேர் பார்த்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவரைப் பார்த்து நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாமா அவர் பக்கம் திரும்பினார். "சரி. தப்புத்தான். இப்பக் கேக்கறேன், சொல்லு. உனக்கு?"

அவர் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இரண்டு இலை கீழே விழுந்தது, குனிந்து எடுத்துக் கூடையில் போட்டார்.

"எனக்கு இஷ்டந்தாம்ப்பா."

என் முகத்திலிருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை உடனே எடுத்துவிட முடியவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். திரும்பிப் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. கூடையை வைத்துக்கொண்டு பின்வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். யாரும் அதை அணைக்கவில்லை. எலுமிச்சை முடிந்தது, உரம் வந்தது, அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. அத்தை வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். தெருவில் விளக்குப் போட்டார்கள். அம்மா வாசலிலிருந்து எப்போது போனாள் என்று தெரியாது. எல்லா நிகழ்ச்சியும் முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் எழுந்து திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.